ஐந்து மில்லிமீட்டர் வட்டுக்குள் ஒரு விலங்கு: ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமேட்டாவின் உடலமைப்பைப் படிப்படியாகப் பார்ப்பது எப்படி?

நொறுங்கு நட்சத்திரம் என்று நாம் சொல்லும் பிரிட்டில் ஸ்டார்களில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உடலமைப்பைக் கற்க வேண்டுமானால் பெரிய இனம் ஒன்றை எடுப்பதுதான் வழக்கம். உறுப்புகள் பெரிதாக இருக்கும், கண்ணுக்குச் சிரமம் இல்லை. ஆனால் நான் சின்னதைத்தான் பரிந்துரைப்பேன். ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமேட்டாவின் நடுவட்டு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். கைகள் அதிகம் போனால் 20 மில்லிமீட்டர். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் ஒரே பார்வைப் புலத்துக்குள் வட்டு முழுவதும் அடங்கிவிடும். தகடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதைத் தட்டை நகர்த்தாமலேயே பார்க்கலாம். போதாததற்கு இது குட்டி போடும், ஒளி வீசும், உடலுக்குள் விசித்திரமான ஒட்டுண்ணிகளையும் வைத்திருக்கும்.

இதை முதலில் விவரித்தவர் இத்தாலிய இயற்கையியலாளர் ஸ்டெஃபானோ டெல்லே கியாயே. ஆண்டு 1828, இடம் நேப்பிள்ஸ். அதன் பிறகு இங்கிலாந்து, பிரான்ஸ் கரைகளிலிருந்து நியூசிலாந்து வரை உலகின் பல கடல்களில் இதே பெயரில் பதிவாகிவிட்டது. அலையிடைப் பகுதியிலும் கிடைக்கும், ஆயிரம் மீட்டருக்கும் கீழான ஆழத்திலும் கிடைக்கும். இவையெல்லாம் உண்மையில் ஒரே இனம்தானா என்பது வேறு விவகாரம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த விலங்கின் மேல்பக்கம் பார்க்க அழகாக இருக்கும், படம் எடுக்கத் தோன்றும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை மேல்பக்கப் படங்கள்தான். ஆனால் இனத்தை முடிவு செய்யத் தேவையான அடையாளங்களில் முக்கியமானவை வாய்ப்பக்கத்தில் இருக்கின்றன. புரட்டிப் பார்க்காமல் பெயர் வைத்தால் அது ஊகம்தான்.

படி 1: கண்டுபிடிப்பதும் கையாள்வதும்

கற்களுக்கு அடியில், சுண்ணாம்பு படிந்த செம்பாசிக் கொத்துகளுக்குள், சிப்பிப் படுகைகளின் இடுக்குகளில் இது ஒளிந்திருக்கும். தேடுவதற்கு நல்ல வழி, பாசிக் கொத்து ஒன்றை ஆழமில்லாத வெள்ளைத் தட்டில் கடல்நீரோடு போட்டு அப்படியே விட்டுவிடுவது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையக் குறைய உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வரும். வெளிநாடுகளில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் தனியாகத் தேடவே வேண்டியதில்லை. கல்லோடு வந்து சேர்ந்து, தொட்டியின் வடிகட்டிப் பெட்டிக்குள் பெருகிக் கிடக்கும் குட்டி நட்சத்திரங்களில் இந்த இனமும், அதை ஒத்த சிலவும் அடக்கம்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. ஆராய்ச்சி மாணவராக இருந்தாலும் வனத்துறை அனுமதி வேண்டும். வேறு கரைகளிலும் கல்லைப் புரட்டினால், பார்த்து முடித்ததும் பழையபடியே வைத்துவிடுங்கள். கல்லின் அடியில் வாழ்பவை வெயிலில் மல்லாந்து கிடந்தால் பிழைக்காது.

பிடிப்பதற்கு இடுக்கி வேண்டாம். கையைப் பிடித்துத் தூக்கினால் கை உங்களிடம் இருக்கும், விலங்கு போய்விடும். மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியில் ஏற்றிக்கொள்ளலாம். அல்லது வாய் அகன்ற டிராப்பரால் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சலாம். குழாய்த் தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். உப்பின் அளவு திடீரென்று மாறினால் கைகளைத் துண்டு துண்டாக உதிர்த்துவிடும்.

உயிரோடு அசையும்போது கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு மயக்கம் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு, அதாவது ஆறு நீர் மூலக்கூறுகளோடு கடையில் கிடைக்கும் உப்பு. இந்தக் கரைசலைக் கடல்நீரோடு சரிபாதியாகக் கலந்தால் விலங்கு மெல்லத் தளரும், கைகள் நீண்டு விரியும். தூரிகையால் தொட்டால் எதிர்வினை இல்லை என்றால் தயார். விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும். பழைய ஹாலஜன் விளக்கின் சூட்டில் பெட்ரி தட்டில் உள்ள கொஞ்சம் தண்ணீர் சீக்கிரம் வெந்துவிடும்.

படி 2: முதலில் மொத்த உருவம்

எட்டிலிருந்து பத்து மடங்கு உருப்பெருக்கம் போதும். வட்டும் கைகளும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். சாதாரண நட்சத்திர மீனில் கை உடலுக்குள் கரைந்து போகும். எது உடல், எது கை என்று கோடு போட முடியாது. இங்கே கோடு தெளிவு. வட்டு தனி, கைகள் தனி. இரைப்பையும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் பெரும்பாலும் வட்டோடு நின்றுவிடுவதே இதற்குக் காரணம். கைக்குள் செரிமானம் நடக்காது. அங்கே இருப்பது எலும்பும் தசையும் நரம்பும்தான்.

கைகளை எண்ணுங்கள். ஐந்து இருக்க வேண்டும். ஆறு இருந்தால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஓஃபியாக்டிஸ் சாவினி. வெப்பக் கடல்களில் கடற்பஞ்சுகளுக்குள் குடியிருக்கும் சிறிய இனம் அது. உடலை இரண்டாகப் பிளந்து பெருகும். அதனால் மூன்று கை பெரிதாகவும் மூன்று கை குட்டையாகவும் இருப்பது அதில் சகஜம்.

படி 3: வட்டின் மேல்பக்கம்

இருபது மடங்குக்கு மேல் கூட்டுங்கள். வட்டின் மேல் முழுக்க மெல்லிய செதில்கள், நாட்டு ஓட்டுக் கூரை வேய்ந்ததுபோல ஒன்றன் விளிம்பை இன்னொன்று மூடியபடி இருக்கும். முள்ளோ மணியோ எதுவும் கிடையாது. ஸ்குவாமேட்டா என்ற இனப்பெயரே செதிலுடையது என்று பொருள்படும் லத்தீன் சொல்தான்.

ஒவ்வொரு கையும் வட்டோடு சேரும் இடத்துக்கு மேலே, செதில்களைவிடப் பெரிய இரண்டு தகடுகள் ஜோடியாக இருக்கும். இவை ஆரைக் கேடயங்கள். ஐந்து கைக்கு ஐந்து ஜோடி, மொத்தம் பத்து. இந்த இனத்தில் ஒவ்வொரு கேடயமும் அரைவட்ட வடிவம். ஜோடியின் நேர்விளிம்புகள் இரண்டும் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்கும். நெருங்கிய உறவுக்காரர்களான ஆம்ஃபியூரா இனங்கள் பலவற்றில் இந்த ஜோடி உட்பக்கம் விலகி, இடையில் செதில்கள் புகுந்திருக்கும். ஆகவே இந்த ஒட்டுதல் ஒரு நல்ல துப்பு. துப்பு மட்டுமே, தீர்ப்பு இல்லை.

கேடயங்களின் வெளிமுனையில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதாவது கை தொடங்கும் ஐந்து இடத்திலும் வட்டின் ஓரத்தில் வெள்ளை. சாம்பல் நிற விலங்கில் இது பளிச்சென்று இருக்கும், வெறும் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆனால் சாம்பல்தான் நிறம் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே இடத்தில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று பல நிற வகைகள் கலந்து வாழ்வது இந்த விலங்கின் பெயர்பெற்ற குணம். நேப்பிள்ஸ் பக்கத்துக் கூட்டங்களில் இதை வைத்தே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. போதாக்குறைக்கு ஆல்கஹாலில் போட்டதும் நிறம் போய்விடும். நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

செதில் எல்லைகள் ஈரத்தில் மங்கலாகத்தான் தெரியும். ஆல்கஹாலில் இட்ட மாதிரியை வெளியே எடுத்து, மேல் ஈரம் ஆவியாகும் வரை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தகட்டின் ஓரமும் கோடு கிழித்ததுபோல எழுந்து வரும். நொறுங்கு நட்சத்திரங்களோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். வேலை முடிந்ததும் திரும்ப ஆல்கஹாலில் போட்டுவிடலாம்.

படி 4: கை, கணுக்கணுவாக

கை என்பது ஒரே மாதிரிக் கணுக்களின் தொடர். ஒரு கணுவைப் புரிந்துகொண்டால் முழுக் கையும் புரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கணுவையும் நான்கு தகடுகள் சுற்றி மூடியிருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. முட்கள் முளைப்பது பக்கத் தகடுகளில்தான். இந்த இனத்தில் பக்கத்துக்கு மூன்று முட்கள், வட்டுக்கு அருகே சில கணுக்களில் நான்கு. குட்டையாக, அடி பருத்து நுனி குறுகியிருக்கும். கையின் அகலத்தைவிட நீளமான, கண்ணாடி போன்ற முட்கள் இருந்தால் நீங்கள் வைத்திருப்பது ஓஃபியோத்ரிக்ஸ் குடும்பத்துக் குஞ்சு. ஐரோப்பியக் கரைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

கையைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். கீழ்த்தகட்டின் இருபுறமும் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து குழாய்க்கால் வெளியே வரும். நட்சத்திர மீனின் குழாய்க்கால் நுனியில் உறிஞ்சி இருக்கும், இதில் கிடையாது. உள்ளே நீரைத் தேக்கித் தள்ளும் ஆம்புல்லா குமிழும் இல்லை. பிசுபிசுப்பான சளியால் ஒட்டிக்கொள்ளும், உணவுத் துணுக்குகளைச் சேகரிக்கும், அவற்றை ஒன்றுக்கொன்று கைமாற்றி வாய்க்கு அனுப்பும். துளையின் ஓரத்தில் இரண்டு குட்டிச் செதில்கள் இருக்கும். குழாய்க்கால் உள்ளே போனதும் அதைக் காக்கும் மூடிகள் இவை. இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்ற இந்த எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். இங்கே இரண்டு.

நுனிக்குப் போங்கள். கடைசித் தகட்டுக்குச் சற்று முன்னால்தான் புதிய கணுக்கள் பிறக்கின்றன. அதனால் வட்டை ஒட்டிய கணுக்கள் மூத்தவை, நுனிக் கணுக்கள் இளையவை. ஒரே கையில் ஒரு கணு பிறந்து முதிரும் எல்லா நிலைகளும் வரிசையாக நிற்கின்றன. நுனியிலிருந்து உள்நோக்கி நகர்த்திப் பார்த்தால் முட்கள் எப்போது முளைக்கின்றன, மேல்தகடு எப்படி அகல்கிறது என்பதெல்லாம் தெரியும். எத்தனை படம் பார்த்தாலும் இந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது.

கையின் நடுவே திடீரென்று அகலம் குறைந்து, நிறமும் வெளுத்து, மெலிந்த துண்டு ஒன்று தொடர்ந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கும் புதுக் கை. இழப்பு மீட்டல் நடக்கும் இடம். ஐந்து கையும் பழுதில்லாத விலங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

படி 5: உதிர்ந்த கையிலிருந்து முள்ளெலும்பு

கை ஒடிவது விபத்தல்ல, விலங்கு எடுக்கும் முடிவு. கணுக்களை இணைக்கும் கொலாஜன் திசு நரம்பின் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. ஆணை வந்தால் நொடிகளில் இறுக்கம் இழந்து இளகிவிடும், கை கழன்று விழும். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவை அடங்கிய முட்தோலிகள் அனைத்திலும் இந்த மாறும் திசு உண்டு. நொறுங்கு நட்சத்திரம் அதைத் தப்பிக்கும் கருவியாகப் பயன்படுத்துகிறது.

அப்படி உதிர்ந்த துண்டு கிடைத்தால் வீணாக்காதீர்கள். நீர் கலந்த பிளீச்சிங் திரவத்தில் போட்டு, மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிருங்கள். தசையும் தோலும் கரைந்து தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரியும். பிரிந்ததும் உடனே நல்ல தண்ணீரில் பல முறை கழுவி உலர்த்துங்கள். வினிகர் போன்ற அமிலம் எதையும் அருகில் வைக்காதீர்கள். பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சுண்ணாம்புத் தகடுகளும் கரைந்துபோகும்.

நான்கு வெளித்தகடுகளுக்கு நடுவே ஒரு கெட்டியான சில் கிடைக்கும். அதுதான் முள்ளெலும்பு. நம் முதுகெலும்புக்கும் இதற்கும் உறவே இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. நட்சத்திர மீன்களின் கையடியில் இரண்டு வரிசையாக நிற்கும் தகடுகள் இங்கே ஜோடி ஜோடியாக ஒட்டி ஒன்றாகி, கையின் மையத்தை நிரப்பிவிட்டன. ஒரு முகத்தில் மேடுகள், மறுமுகத்தில் அதற்கேற்ற குழிகள். அடுத்தடுத்த எலும்புகள் இவற்றால் பூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூட்டையும் நான்கு தசைகள் இழுக்கின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு. இந்த வகைப் பூட்டில் கை பக்கவாட்டில் தாராளமாக வளையும், மேலும் கீழும் அளவாகத்தான் வளையும். கூடை நட்சத்திரங்களின் மூட்டு வேறு மாதிரி. அவை கையைச் செங்குத்தாகச் சுருட்டிக்கொள்ளும்.

உருப்பெருக்கத்தை இன்னும் கூட்டினால் தகடு முழுக்கத் துளைகள் தெரியும். கெட்டிச் சுண்ணாம்பு கிடையாது, கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தால் ஆன பின்னல் போன்ற வலை. ஸ்டீரியோம் என்று பெயர். உயிரோடு இருக்கும்போது அந்தத் துளைகளுக்குள் திசு நிறைந்திருக்கும். எடை குறைவு, விரிசல் ஒரு துளையை எட்டியதும் பரவாமல் நின்றுவிடும்.

படி 6: வாய்ப்பக்கம்

இனி நிதானமாகப் பாருங்கள். விலங்கை மல்லாக்கப் போட்டு, வாய் மையத்தில் வரும்படி வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துக் கொடுங்கள். நேர் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு விளிம்பும் நிழல் காட்டும்.

ஐந்து தாடைகள் மையத்தை நோக்கி நீண்டிருக்கும். தாடைகள் இருப்பது கைகளுக்கு நேராக அல்ல, கைகளுக்கு இடையில். ஒவ்வொரு தாடைக்கும் பின்னால், வெளிப்பக்கமாக, ஒரு பெரிய தகடு. இது வாய்க்கேடயம். அதன் இருபுறமும் தாங்கி நிற்கும் சிறிய தகடுகள் இரண்டு. ஐந்து வாய்க்கேடயங்களில் ஒன்றுதான் மாட்ரிபோரைட், குழாய்க்கால்களை நீரழுத்தத்தால் இயக்கும் நீர்க்குழாய் மண்டலத்தின் வாசல். நட்சத்திர மீனில் அது முதுகில் பொத்தான்போலத் துருத்திக்கொண்டிருக்கும். இங்கே வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. இவ்வளவு சிறிய விலங்கில் மற்ற நான்கிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். கண்டுபிடிக்க முடியவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

இனி தாடையின் நுனி. அங்கே இரண்டு பாப்பில்லாக்கள் அருகருகே நிற்க வேண்டும். பாப்பில்லா என்பது பல்லைப்போல் தோன்றும் குட்டிச் சுண்ணாம்புத் துருத்தல். நுனியில் இப்படி ஒரு ஜோடி நிற்பது ஆம்ஃபியூரிடே குடும்பத்தின் முத்திரை. முன்பு சொன்ன ஆறுகை ஓஃபியாக்டிஸில் அந்த ஜோடி இல்லை, அகன்ற ஒற்றைப் பல்தான் நுனியில் தெரியும். குடும்பம் இங்கேயே முடிவாகிவிட்டது.

அடுத்து, தாடையின் பக்க விளிம்பில் நுனியிலிருந்து வெளிநோக்கி வாருங்கள். நுனி ஜோடியில் ஒன்றைத் தாண்டியதும் சிறியதாக ஒன்று, அதற்கு அடுத்து மிக அகலமாக ஒன்று. கடைசியாக உள்ள இந்த அகலத் தகடுதான் ஆம்ஃபிஃபோலிஸ் பேரினத்தின் அடையாளம். ஆம்ஃபியூராவில் நுனி ஜோடிக்குப் பிறகு ஒரு வெற்றிடம் இருக்கும், அப்புறம் மெல்லிய ஒற்றைப் பாப்பில்லா. இங்கே வெற்றிடமே இல்லை, வரிசை இடைவெளியின்றி அடைந்திருக்கும். ஆம்ஃபியோடஸில் மூன்று இருந்தாலும் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அந்த அகலத் தகடு எதற்கு என்பதை உயிருள்ள விலங்கில் பார்த்துவிடலாம், மயக்கம் கொடுப்பதற்கு முன். தூரிகையின் ஒற்றை மயிரால் வாயோரத்தைத் தொடுங்கள். தாடைகள் மையத்தில் நெருங்கும். பக்கத்துத் தாடைகளின் அகலத் தகடுகள் இரண்டும் நடுவில் சந்தித்து, வாயின் பிளவை மூடிவிடும். ஐந்து பிளவுகளும் இப்படி அடைந்தால் வாய் இருந்த இடத்தில் கல் பாவிய தரைதான் தெரியும்.

கைகளுக்கு இடைப்பட்ட வட்டின் அடிப்பரப்பையும் மறக்க வேண்டாம். இந்த இனத்தில் அங்கும் செதில்கள் உண்டு. ஐரோப்பியச் சேற்றில் வாழும் ஆம்ஃபியூரா ஃபிலிஃபார்மிஸில் அடிப்பக்கம் வெறும் தோல். அதன் அண்டைவாசியான ஆம்ஃபியூரா கியாயேயில் இரு பக்கமும் செதில். இந்த இரண்டாவது, நம் டெல்லே கியாயேயின் நினைவாகவே பெயர் பெற்றது.

படி 7: பர்சாவும் குட்டிகளும்

கை வட்டுக்குள் நுழையும் இடத்தில், அடிப்பக்கத்தில், கையின் இருபுறமும் நீளமான பிளவு தெரியும். ஐந்து கைக்குப் பத்துப் பிளவுகள். ஒவ்வொன்றும் பர்சா என்ற மெல்லிய பைக்குள் திறக்கும். பையின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் கடல்நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். சுவாசம் நடப்பது இங்கேதான். மற்ற நொறுங்கு நட்சத்திரங்களில் பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் இந்த வழியாகக் கடலில் விட்டுவிடும். அவற்றிலிருந்து மிதக்கும் லார்வா உருவாகும்.

ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமேட்டா அப்படி விடுவதில்லை. ஒரே உடலில் அண்டகமும் விந்தகமும் உண்டு, இருபாலி. முட்டை பர்சாவுக்குள்ளேயே கருவுறும். கரு பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு தாயிடமிருந்தே ஊட்டம் பெற்று வளரும். முட்டை மிகச் சிறியது, அதில் உள்ள மஞ்சள்கருவை வைத்து இவ்வளவு பெரிய குட்டி உருவாக முடியாது. மிதக்கும் லார்வாவின் சுண்ணாம்புக் கம்பிகள் கருவில் பெயரளவுக்குத் தோன்றி மறையும். அந்த வாழ்க்கையைக் கைவிட்ட இனம் இது என்பதற்கு மிஞ்சிய தடயம் அதுவே. தாய்க்கு வெளியே வருவது ஐந்து கை முளைத்த முழு நட்சத்திரம்.

வட்டு ஒரு பக்கம் புடைத்திருந்தாலோ பிளவின் வழியாக நூல்போன்ற கைநுனி எட்டிப் பார்த்தாலோ உள்ளே குட்டி இருக்கிறது. மேல்பக்கத்துச் செதில்களை நுண்ணூசியால் மெல்ல நீக்கினால் வெவ்வேறு பைகளில் வெவ்வேறு வயதுக் குட்டிகளைப் பார்க்கலாம். ஒன்று வெறும் உருண்டையாக இருக்கும், இன்னொன்று கை மடக்கிப் படுத்திருக்கும். ஒரே தாயில் இத்தனை நிலைகள் கிடைப்பதால்தான் கருவியல் ஆய்வுக்கு இந்த விலங்கு விருப்பமானது. ஆனால் திறப்பது ஏற்கெனவே ஆல்கஹாலில் இருக்கும் மாதிரியாக இருக்கட்டும்.

தன் விந்தாலேயே தன் முட்டையைக் கருவுறச் செய்யவும் இதனால் முடியும் என்பதற்கு மரபணுச் சான்றுகள் உள்ளன. பவளத் தொட்டியில் ஒன்றிரண்டு வந்து சேர்ந்தாலே கூட்டம் பெருகிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

படி 8: உள்ளே இருப்பவை

இரைப்பை ஒரு பை. வாய் உண்டு, ஆசனவாய் இல்லை. குடலும் இல்லை. செரிக்காதது வந்த வழியே போகும். டயட்டம் போன்ற நுண்பாசிகளும் கசடும்தான் உணவு என்பதால் பெரிய கழிவுப் பிரச்சினை எழுவதில்லை.

நீர்க்குழாய் மண்டலத்தில் வாயைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து கைக்கு ஒரு குழாய். அந்தக் குழாய் முள்ளெலும்புகளின் அடிப்பள்ளத்தில் ஓடி, கணுவுக்கு இரண்டு குழாய்க்கால்களுக்குக் கிளை கொடுக்கும். நரம்பும் இதே பாதைதான். மூளை கிடையாது. வாயைச் சுற்றி நரம்பு வளையம், கைக்கு ஒரு நரம்பு வடம், கணுவுக்கு ஒரு முடிச்சு. தலை இல்லாததால் முன்பக்கமும் நிலையாக இல்லை. ஓஃபியோகோமா எக்கினேட்டா என்ற பெரிய இனத்தைப் படம்பிடித்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, அது திசை மாற்ற உடலைத் திருப்புவதில்லை, வேறொரு கையைத் தலைமையாக்கிக்கொள்கிறது என்று காட்டியது. உங்கள் தட்டில் உள்ள குட்டி விலங்கின் வழியில் ஒரு தடையை வைத்து, அடுத்து எந்தக் கை முன்னே போகிறது என்று கவனியுங்கள்.

படி 9: ஒளி

இதற்கு மயக்கம் கொடுக்காத விலங்கு வேண்டும். அறையை முழுமையாக இருட்டாக்கி, உங்கள் கண் பழகும் வரை காத்திருங்கள். கைபேசித் திரையைக்கூடப் பார்க்கக் கூடாது. பிறகு தூரிகையால் கையைத் தடவினால் பச்சை ஒளி ஓடும். வட்டு ஒளிராது, கைகள் மட்டும்தான். ஒளி உண்டாக்கும் செல்கள் முட்களின் நரம்பு முடிச்சுகளை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஒளியை இயக்குவதும் நரம்புதான். உதிர்ந்த கைத்துண்டும் சற்று நேரம் மின்னும். துரத்தி வந்த நண்டு ஒளிரும் துண்டோடு மல்லுக்கட்டும்போது மீதி விலங்கு தப்பிவிடும் என்பது பொதுவான விளக்கம், நம்பும்படியாகவே இருக்கிறது.

படி 10: உறுப்பு என்று ஏமாற்றும் ஒட்டுண்ணிகள்

கையின் அடிப்பகுதியில், வாய்ப்பக்கம், வெளிர் நிறப் புடைப்பு ஒன்று ஒட்டியிருந்து, பின்னால் இரண்டு முட்டைப் பைகளும் தொங்கினால், அது உடலுறுப்பு அல்ல. கேன்சரில்லா ட்யூபுலேட்டா என்ற கோபிபோட், அதாவது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய ஓட்டுடலி. இந்த நட்சத்திரத்தை நம்பியே வாழ்வது. இன்னொரு கோபிபோட், பாராகார்டியூமியம், பர்சாவுக்குள்ளேயே குடியேறும். அவசரத்தில் பார்த்தால் கரு என்றே நினைப்பீர்கள். கைகளின் தொடக்கம் தெரிகிறதா, ஐந்து பங்காகப் பிரியும் அமைப்பு தெரிகிறதா என்று பார்த்தால் வேறுபாடு புரியும்.

மூன்றாவதுதான் கொடுமையானது. ரோபாலூரா ஓஃபியோகோமே என்ற, ஆர்த்தோநெக்டிட் எனப்படும் புழுப்போன்ற நுண்ணிய ஒட்டுண்ணி உள்ளே பரவி இனப்பெருக்க உறுப்புகளையே அழித்துவிடும். பிரெஞ்சு விலங்கியலாளர் ஆல்ஃபிரட் ஜியார் 1877-ல் விவரித்தது. முதிர்ந்த அளவுள்ள விலங்கு, ஆனால் எந்தப் பையிலும் அண்டகமும் இல்லை, குட்டியும் இல்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

படி 11: பாதுகாப்பதும் பெயர் எழுதுவதும்

அமிலம் முறிக்காத ஃபார்மலினில் நெடுநாள் வைக்காதீர்கள். அதன் அமிலத்தன்மை கால்சைட்டை அரித்து, நீங்கள் இத்தனை நேரம் பார்த்த செதில் விளிம்புகளையெல்லாம் மழுங்கடித்துவிடும். 70 சதவீத எத்தனால் போதும்.

பெயர் எழுதும்போது கொஞ்சம் அடக்கம் தேவை. மிதக்கும் லார்வா இல்லாத விலங்கு எப்படி உலகெங்கும் பரவியது? மிதக்கும் பாசிக் கொத்துகளோடு போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போய்ச் சேர்ந்தவை அங்கங்கே தனித்துப் பிரிந்தும் இருக்கின்றன. மரபணு ஆய்வுகளின்படி ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமேட்டா என்று நாம் அழைப்பது ஒன்றுக்கொன்று வெகுவாக விலகிய பல கிளைகளின் தொகுப்பு. ஒரே கரையில் இரண்டு கிளைகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வதும் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தாலும் அந்தத் தொகுப்பு வரைக்கும்தான் போக முடியும்.

அதனால் முழு விலங்கையும் 70 சதவீத எத்தனாலில் வைக்கும்போது, ஒரே ஒரு கைநுனியை மட்டும் நறுக்கி 95 சதவீத எத்தனாலில் தனிக் குப்பியில் போடுங்கள். டி.என்.ஏ. எடுக்க அது போதும், உடலமைப்புக்கும் சேதமில்லை. இரண்டு குப்பிக்கும் ஒரே எண், இடம், தேதி, ஆழம், எதன் மேல் இருந்தது, உயிரோடிருந்தபோது என்ன நிறம் ஆகியவற்றைக் கெட்டித் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.